பிரஷர் இருக்கிறது, சரி, எந்த வகை?

"எனக்கு பிரஷர் இருக்கு" என்று மூன்று பேர் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி. இன்னொருவர் முப்பத்திரண்டு வயது இளைஞர். மூன்று மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்கவில்லை. மூன்றாமவருக்கு எழுபத்தைந்து வயது. மூவருக்கும் கருவி காட்டும் எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் காரணம் வேறு, ஆபத்து வேறு, கொடுக்க வேண்டிய மருந்தும் வேறு. முதியவருக்கு நன்றாக வேலை செய்யும் ஒரு மாத்திரை, கர்ப்பிணியின் வயிற்றில் வளரும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்குப்படி, உலகில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தப் பாதியைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். தெரிந்துகொண்ட மறுபாதியிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்கு இருப்பது எந்த வகை? இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் உயர் ரத்த அழுத்தம் என்பது ஒரே நோய் அல்ல. பல வழிகளில் வந்து சேரும் ஒரு நிலை.

எண் எங்கிருந்து வருகிறது

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஏறும் அழுத்தம் மேல் எண், அதாவது சிஸ்டாலிக். இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண், டயஸ்டாலிக். 120/80 என்றால் 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கிப் பிடிக்கும் அளவு அழுத்தம். தண்ணீராக இருந்தால் அதே அழுத்தம் ஒன்றரை மீட்டருக்கும் மேலே ஏற்றிவிடும். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கும் மேல் கனம் என்பதால்தான் கருவியைக் கைக்கடக்கமாகச் செய்ய முடிந்தது.

முதன்முதலில் இதை அளந்தவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நிற்பதைப் பார்த்து, 1733-ல் வெளியிட்டார். மனிதர்களுக்கு அப்படிச் செய்ய முடியாதே. 1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையில் பட்டை கட்டிக் காற்றை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். 1905-ல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோஃப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை மெதுவாக இறக்கும்போது 'டப்' என்று முதல் ஒலி கேட்கும் இடம் மேல் எண். ஒலி அடங்கிப்போகும் இடம் கீழ் எண். இன்று வீடுகளில் இருக்கும் தானியங்கிக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் ஏற்படும் மெல்லிய அதிர்வுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது.

அழுத்தத்தை முடிவு செய்வது இதயம் மட்டும் அல்ல. எவ்வளவு ரத்தம் வெளியே தள்ளப்படுகிறது, ரத்தக்குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன, உடம்பில் உப்பும் நீரும் எவ்வளவு தேங்கியிருக்கின்றன, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். கடைசிக் காரியத்தைப் பார்த்துக்கொள்வது சிறுநீரகம். ரத்த அழுத்தக் கதையில் சிறுநீரகத்துக்கு இருக்கும் பங்கு பலருக்கும் புதிதாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது

140/90-ஐத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தம் என்பது நெடுநாள் வழக்கம். 2017-ல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் கோட்டை 130/80-க்கு இறக்கின. ஐரோப்பிய அமைப்பு 140/90-லேயே நின்றது. 2024-ல் அதற்குக் கீழே, மேல் எண் 120 முதல் 139 வரை அல்லது கீழ் எண் 70 முதல் 89 வரை இருந்தால் 'ஏறிய அழுத்தம்' என்று ஓர் இடைநிலையைச் சேர்த்தது. அப்படியென்றால் 135/82 உள்ள ஒருவர் ஒரு நாட்டில் நோயாளி, இன்னொரு நாட்டில் இல்லையா? ஆமாம், பெயரளவில் அப்படித்தான்.

இதில் குழம்ப வேண்டியதில்லை. சுமார் பத்து லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று, 115/75-லிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்று காட்டியது. 40 முதல் 69 வயது வரை, மேல் எண் 20 கூடும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தாலோ இதய நோயாலோ இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உடம்புக்குள் கோடு எதுவும் கிடையாது. எந்த இடத்திலிருந்து சிகிச்சை செய்தால் கெடுதலைவிட நன்மை கூடுதல் என்று பார்த்து மனிதர்கள் போட்ட கோடு அது.

அந்தக் கோட்டுக்கே ஒரு காலத்தில் அர்த்தம் இருக்கவில்லை. வயதாக ஆக அழுத்தம் ஏறுவது இயல்பு, இறுகிப்போன குழாய்களில் ரத்தம் போய்ச்சேர அது தேவை என்று பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தபோது 186/108 இருந்தது. படுக்கை ஓய்வு, உப்புக் குறைப்பு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ். கையில் இருந்தவை அவ்வளவுதான். 1945 ஏப்ரல் 12 அன்று அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. அப்போது அளந்த அழுத்தம் 300/190. உலகின் மிகப் பலம் வாய்ந்த மனிதருக்கே கொடுக்க அன்று ஒரு நல்ல மாத்திரை இல்லை.

மாத்திரையால் உயிர் பிழைக்கிறது என்று ஐயமில்லாமல் காட்டியது 1967-ல் வெளியான ஓர் ஆய்வு. எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக் குழுவில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு. மருந்துக் குழுவில் 2 பேருக்கு மட்டும்.

பெரும்பாலோருக்கு வரும் வகை

இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இருப்பது முதன்மை வகை. இதற்கு 'இதுதான் காரணம்' என்று விரல் நீட்ட ஒன்றும் இல்லை. பரம்பரை, வயது, கூடுதல் எடை, உப்பு, உடலுழைப்பின்மை, மது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பல வருடங்களில் ஏற்றிவிடும். உப்பு எல்லோரையும் ஒரே அளவு பாதிப்பதில்லை. முதியவர்களையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் கூடுதலாகப் பாதிக்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பதப்படுத்திய உணவில் ஒளிந்து வரும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இந்த வகையின் பெரிய சங்கடம், அது வாயே திறக்காது என்பது. தலைவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால்தான் பிரஷர் என்று பலர் நம்புகிறார்கள். 160/100 வைத்துக்கொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் பத்து வருடம் ஓட்டிவிட முடியும். அந்தப் பத்து வருடமும் இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்துக்கொண்டிருக்கும், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் தழும்பாகிக்கொண்டிருக்கும், விழித்திரையின் குழாய்கள் குறுகிக்கொண்டிருக்கும். "எனக்கு ஒண்ணும் பண்ணல, அதனால மாத்திரையை விட்டுட்டேன்" என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

காரணம் கண்டுபிடிக்கக்கூடிய வகை

மிச்சம் இருக்கும் சிறு பங்கு இரண்டாம்நிலை வகை. வேறொரு கோளாறு இருக்கிறது. அதன் விளைவாக அழுத்தம் ஏறியிருக்கிறது. எண்ணிக்கையில் சிறியதாக இருந்தாலும் நான் இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். காரணத்தைப் பிடித்துவிட்டால் சிலருக்கு அழுத்தம் முழுதாகவே சரியாகிவிடும். பிடிக்காவிட்டால் மாத்திரை மேல் மாத்திரை.

சிறுநீரகத்துக்கு வருவோம். 1934-ல் அமெரிக்க மருத்துவர் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் இறுக்கினார். உடம்பு முழுக்க அழுத்தம் ஏறியது. ரத்த வரத்து குறைந்த சிறுநீரகம், உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது ஆஞ்சியோடென்சினை உண்டாக்கி ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து உப்பைத் தேக்குகிறது. முதியவர்களுக்குக் கொழுப்பு படிந்தும், இளம் பெண்களுக்குத் தமனிச் சுவரின் தசைநார்க் கோளாறாலும் இந்தச் சுருக்கம் வரும். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராயப் போய், இந்தச் சங்கிலியை அறுக்கும் கேப்டோப்ரில் மருந்து பிறந்தது. அமெரிக்காவில் 1981-ல் ஒப்புதல் கிடைத்தது. இன்று 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள் எல்லாம் அதன் உறவுகள்.

அடுத்தது அல்டோஸ்டீரோன் தானாகவே கூடுதலாகச் சுரக்கும் நிலை. 1955-ல் ஜெரோம் கான் இதை விவரித்தார். அவரிடம் வந்த பெண்ணுக்கு உயர் அழுத்தம், தசைச் சோர்வு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. அட்ரினல் சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்ததும் சரியாகிவிட்டது. இதை அரிய நோய் என்றே வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். தேடிப் பார்க்கப் பார்க்க, நினைத்ததைவிடப் பரவலாக இருப்பது தெரிந்தது. ரெனின், அல்டோஸ்டீரோன் இரண்டையும் அளக்கும் ரத்தப் பரிசோதனையை, உயர் அழுத்தம் உறுதியான பெரியவர்கள் அனைவருக்கும் செய்வதைக் கருதலாம் என்கிறது 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல். பொட்டாசியம் குறைந்தால்தான் சந்தேகிக்க வேண்டும் என்றில்லை. இந்தக் கோளாறு உள்ள பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும்.

அதே அட்ரினலில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி உண்மையிலேயே அரிது. திடீர் திடீரென்று படபடப்பு, வேர்வை, மண்டையைப் பிளக்கும் தலைவலி, கூடவே அழுத்தமும் எகிறும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மனப்பதற்றம் என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. பிறவியிலேயே மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருந்தால் கையில் அழுத்தம் அதிகமாகவும் காலில் நாடி மெலிந்தும் இருக்கும். குறட்டை விட்டு, இரவில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் அழுத்தம் ஏறும். மாத்திரைக்கு எளிதில் படியாது. தைராய்டு கோளாறும் காரணமாகலாம்.

அப்புறம், மருந்துகள். இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள், மூக்கடைப்புக்கான மாத்திரைகள், ஸ்டீராய்டுகள், ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரைகள், அதிமதுரம்கூட அழுத்தத்தை ஏற்றும். மூட்டுவலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் பிரஷர் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வராதீர்கள்.

யாருக்கு இந்த வகையைத் தேட வேண்டும்? இளம் வயதிலேயே வந்தவர்களுக்கு, கட்டுக்குள் இருந்தது திடீரென ஏறியவர்களுக்கு, மூன்று மருந்துக்கும் இறங்காதவர்களுக்கு. முதலில் சொன்ன முப்பத்திரண்டு வயதுக்காரருக்கு இதில் இரண்டு பொருந்துகின்றன.

மேல் எண் மட்டும் ஏறும்போது

168/72. வயதானவர்களிடம் இப்படி ஓர் அளவைப் பார்த்துவிட்டு "கீழ் பிரஷர் நார்மல்தானே" என்று ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. மகாதமனி இளமையில் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுத்து அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். வயதானால் பழைய ரப்பர் போல விறைத்துவிடும். விரியாததால் மேல் எண் ஏறும். விரிந்தது சுருங்கி ரத்தத்தை முன்தள்ளும் வேலையும் நடக்காததால் கீழ் எண் இறங்கும். ஆக, கீழ் எண் குறைவாக இருப்பதும் அதே கோளாறின் இன்னொரு முகம்தான்.

இதற்குச் சிகிச்சை தேவையா என்ற சந்தேகம் 1991-ல் தீர்ந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. ஆனாலும் முதியவர்களுக்கு அவசரப்பட்டு இறக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற பிறகு ஒருமுறை அளக்க வேண்டும். எழுந்தவுடன் மேல் எண் 20-க்கு மேல் சரிந்தால், அவர் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளக்கூடும். இளைஞர்களுக்கும் நடுத்தர வயதினருக்கும் மறுபக்கமாக, கீழ் எண் மட்டும் ஏறுவதும் உண்டு.

மருத்துவமனையில் ஒன்று, வீட்டில் ஒன்று

மருத்துவரைப் பார்த்ததும் ஏறி, வீட்டில் சரியாக இருப்பது வெள்ளைக்கோட்டு அழுத்தம். மருந்து தேவைப்படாமல் போகலாம்; ஆனால் பின்னாளில் நிரந்தரமாக ஏறும் வாய்ப்பு இருப்பதால் கண்காணிக்க வேண்டும். இதற்கு நேர் எதிரானதுதான் எனக்குக் கவலை தருவது: மருத்துவமனையில் சரியாக இருந்து, வெளியே ஏறும் மறைந்த அழுத்தம். "நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள்; ஆபத்தோ எப்போதும் அழுத்தம் உள்ளவரின் ஆபத்துக்கு அருகில் இருக்கும்.

இவற்றைப் பிரித்தறிய, நாள் முழுக்க இடைவெளி விட்டு அளக்கும் 24 மணி நேரக் கருவி உதவும். தூங்கும்போது அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்கு இதய, மூளைப் பாதிப்பு கூடுதல். அந்தக் கருவி கிடைக்காவிட்டால் வீட்டு அளவீடு போதும். ஒரு வாரம், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை அளந்து எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் கோடு 140/90 அல்ல, 135/85.

அளக்கும் விதம் தப்பினால் வகையும் தப்பும். அரை மணி நேரத்துக்கு முன் காபி, புகை கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் பதித்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், பேச வேண்டாம். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு அளந்தால் மேல் எண் 6 புள்ளிக்கு மேல் கூட்டிக் காட்டியதாக 2024-ல் ஓர் ஆய்வு சொன்னது. பட்டையின் அளவு அதைவிட முக்கியம். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டும் என்று 2023-ல் வெளியான ஆய்வு கண்டது. இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட அந்த 19.5 போதும்.

மருந்துக்கு அடங்காததும் அவசரமும்

சிறுநீரைக் கூட்டி உப்பை வெளியேற்றும் நீர்ப்பிரி மாத்திரை உட்பட மூன்று மருந்துகளைப் போதிய அளவில் எடுத்தும் இறங்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வகை. அந்த முத்திரையைக் குத்துமுன் மாத்திரை தினமும் உள்ளே போகிறதா, சரியாக அளக்கப்பட்டதா என்று பார்ப்பார்கள். இந்த வகைக்கு நான்காவது மருந்தாக அல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்வதை 2015-ல் வந்த ஆய்வு காட்டியது.

180/120-ஐத் தாண்டினால் என்ன செய்வது? கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம் இருந்தால் அவசர சிகிச்சைக்கு உடனே போக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளங்கள். அதே அளவில் நின்றால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். நிமிடங்களில் இறக்க முயல வேண்டாம். நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்கடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. எண் மளமளவென்று இறங்கும். ஆனால் உயர் அழுத்தத்துக்குப் பழகிவிட்ட மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய்ப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் 1990களில் அதைக் கைவிடச் சொன்னார்கள்.

கர்ப்பகாலத்தில்

கர்ப்பத்துக்கு முன்போ முதல் 20 வாரங்களுக்குள்ளோ தெரிந்தால் அது ஏற்கெனவே இருந்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பின் புதிதாக வந்தால் கர்ப்பகால அழுத்தம். அதோடு சிறுநீரில் புரதம் வெளியேறுவது, கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தத் தட்டணுக் குறைவு போன்றவை சேர்ந்தால் பிரீஎக்ளாம்சியா. இது நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் நோய். தாயின் உறுப்புகள் அனைத்தையும் தாக்க வல்லது. முற்றினால் வலிப்பு வரும். மக்னீசியம் சல்ஃபேட் கொடுத்தால் அந்த வலிப்பு அபாயம் பாதிக்கும் கீழே குறைவதை 2002-ல் பல நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, முகம் திடீரென வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. பிரசவம் ஆனதும் ஆபத்து தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. பிறகு ஆறு வாரம் வரைகூட வரலாம். இப்படி ஒருமுறை வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் அபாயம் கூடுதல் என்பதால், குழந்தை வளர்ந்த பிறகும் ஆண்டுக்கொருமுறை அளக்க வேண்டும்.

வகை தெரியாமல் மருந்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று உதாரணம். 'ப்ரில்', 'சார்டன்' என்று முடியும் மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது. இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கியவருக்கு அதே மாத்திரைகள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். ஃபியோகுரோமோசைட்டோமா இருப்பவருக்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பி கொடுக்காமல் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பியை மட்டும் கொடுத்தால் அழுத்தம் இன்னும் எகிறும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை செய்த மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது என்று மருத்துவர்கள் திட்டுவது சும்மா அல்ல.

எண் சரியானதும் மாத்திரையை நிறுத்துவதும் இதே கணக்கில்தான் வரும். முதன்மை வகையில் எண் சரியாக இருப்பதே மாத்திரையால்தான். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறும். எடை கணிசமாகக் குறைந்து, உப்பும் குறைந்திருந்தால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தவும் செய்யலாம். குளோனிடின், பீட்டா தடுப்பி போன்றவற்றை ஒரே நாளில் விட்டால் முன்பிருந்ததைவிட மேலே போய்விடும் அபாயம் உண்டு. அதனால் அவற்றைச் சில நாட்களிலோ வாரங்களிலோ படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.